கொடுத்தவர் பெயர்

ஆமத்தூர்
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

பாண்டிச்செல்வி எழுதுகிறேன். நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் பதிவேட்டின்படி நான் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மற்றபடி லேசான ஜலதோஷம், அவ்வளவுதான்.

போனில் பேசாமல் இதென்ன தபால் என்று நினைப்பாய். என் சிம் போன மாதம் நின்றுவிட்டது. கடையில் விரல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கடைக்காரர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் மெஷினைப் பார்த்தார். "யக்கா, நீங்க செத்துட்டீகன்னு காட்டுது. வேற யாராச்சும் வந்து வாங்கிக்கிடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா போனில் பேசலாம். பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று நான் விருதுநகரில் டேட்டா என்ட்ரி வேலைக்கு நேர்முகத்தில் இருந்தேன். விளம்பரத்தை அனுப்பியவன் நீ. அங்கே என்ன நடந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர், "டேட்டான்னா என்னம்மா?" என்றார்.

"தெனமும் ஒண்ணரை ஜிபி குடுப்பாக. பொழுது சாயுறதுக்குள்ள தீந்துபோகும்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் தலைக்கு மேல் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. அச்சங்குளத்தில் எங்கள் கம்பெனியின் மருந்து அடைக்கிற ரூம் வெடித்ததும் பதினொன்று ஐந்து என்றுதான் பேப்பரில் போட்டிருந்தது.

சீசனில் ஒரு நாள் வராவிட்டால் உன் இடத்தில் அடுத்தவள் உட்கார்ந்துவிடுவாள். அதனால் லீவு வேண்டியவள் தன் டோக்கனை வேறொருத்தியிடம் கொடுத்து அனுப்புவாள். டோக்கன் யார் கழுத்தில் இருக்கிறதோ அவள்தான் அன்றைக்கு அந்தப் பெயர்க்காரி. போர்மேனுக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அன்று என் நாற்பத்தேழாம் நம்பரை நம் சின்னவள் மாரி கழுத்தில் நான்தான் மாட்டிவிட்டேன். "கயிறு குத்துதுக்கா" என்றாள். "ஒரு நாளுக்குத்தானடி" என்றேன்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு இன்றுவரை தெரியாது. நீ சென்னையில் கலைச்சொல் அகராதி போடுகிறவன். டேட்டா என்றால் என்ன?

இப்படிக்கு,
பாண்டி

பி.கு. கம்பெனிக்காரர்கள் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு பஸ் ஸ்டாப்பில் வைத்த பிளக்ஸ் இன்னும் இருக்கிறது. ஒன்பது பேர். மூன்றாவது படம் நான். சிவகாசி அச்சு என்பதால் கலர் நன்றாக வந்திருக்கிறது. அதற்குக் கீழே நின்றுதான் பஸ் ஏறுகிறேன். முதலில் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது பழகிவிட்டது.


சென்னை
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பாண்டி,

பதினான்கு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்றுதான் கடைசியாகச் சொல்லியிருந்தாய். அதனால் உறையைப் பிரிக்க ஒரு நாள் ஆயிற்று. உள்ளே இருந்தது அகராதிச் சந்தேகம் என்றதும் கொஞ்சம் மூச்சு வந்தது. என்னால் பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அது லத்தீன் சொல். லத்தீனில் 'தாரே' என்றால் கொடுப்பது. 'தாத்தும்' என்றால் கொடுக்கப்பட்ட ஒன்று. அதன் பன்மைதான் 'டேட்டா', கொடுக்கப்பட்டவை. பத்தாம் வகுப்பு வடிவியலில் தேற்றத்துக்கு முன்னால் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதிக் கோடு போடுவாயே, அதேதான். முக்கோணத்தில் இரண்டு பக்கம் சமம் என்று கொடுத்துவிட்டால் சமம்தான். ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. நீ அளந்து பார்த்து, படம் தப்பு என்று டீச்சரிடம் சொல்லி அடி வாங்கினாய்.

ரோமானியர்கள் கடிதம் முடிக்கும்போது, இன்ன ஊரில் இன்ன நாளில் தூதன் கையில் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதுவார்களாம். நாம் மேலே போடும் தேதிக்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'டேட்' என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததுதான். நம்மவர்கள் 'தரவு' என்றார்கள். தா, தரு, தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர். மொழிபெயர்ப்புகளில் இவ்வளவு நேர்மையானது அபூர்வம். பெரும்பாலும் நாங்கள் ஒரு சொல்லை எடுத்து, யாருக்கும் புரியாத இன்னொரு சொல்லாக்கி, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறோம்.

தகவல் பறந்து வரும், காதில் விழும். தரவு அப்படி வராது. யாராவது ஒருவர் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் காணாமல் போய்விடும். கொடுக்கப்பட்டது மட்டும் நிற்கும்.

எங்கள் அகராதியில் இந்தப் பதிவு ஒன்றுதான் முடியாமல் கிடக்கிறது. பொருள் எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியம் வரவில்லை. எதை எழுதினாலும் ஒரு படிவம் போல வருகிறது.

அம்மா எப்படி இருக்கிறாள்?

அன்புடன்,
பாலகுரு


ஆமத்தூர்
19 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

இனிமேல் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பாதே. தபால்காரர் சண்முகவேல் வாசலில் நின்று தவித்துப்போனார். "பேருக்குரியவக கையெழுத்துப் போடணும் தாயி. நீ போட்டா, செத்தவ போட்டதா ஆயிரும். போடலைன்னா, ஆள் இருந்தும் குடுக்கலைன்னு எம்மேல வரும்." கடைசியில் அம்மா, 'இறந்தவரின் தாயார்' என்று போட்டு வாங்கினாள். நான் பக்கத்தில் நின்று பேனா கொடுத்தேன்.

விளக்கம் நன்றாக இருந்தது. கொடுக்கப்பட்டது நிற்கும், கொடுத்தவர் பெயர் காணாமல் போகும் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் கேட்க வந்தேன். என்னை இறந்தவளாகக் கொடுத்தது யார் என்று தேடிப்போய் ஒரு நகல் வாங்கியிருக்கிறேன். பெயர் காணாமல் போகவில்லை. 'டோக்கன் எண் 47, பாண்டிச்செல்வி, வயது 24. அடையாளம் கூறியவர்: உடன்பிறந்த சகோதரர் பாலகுரு. இரத்த உறவினர் உறுதி செய்ததால் மேல் பரிசோதனை தேவைப்படவில்லை.' உன் கையெழுத்து வழக்கம்போல அழகாக இருக்கிறது.

மறுநாள் காலையில் ரயிலிலிருந்து இறங்கி நேராகப் பிணவறைக்குள் போனாய். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். நான் உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாய். வெளியே வந்து, "உள்ள இருக்கது நீதான்னு சொல்லிட்டேன். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றாய். அம்மாவிடம், "மொகம் தெரியலம்மா. யாருன்னே சொல்ல முடியல" என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டேன். டோக்கன் கொடுத்தவள் நான், எந்த வாயால் பேசுவது?

இந்த வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ரேஷன் கடை மெஷின் என் விரலை ஏற்காது. மாரி பெயர் கார்டில் இருக்கிறது, வைக்க விரல் இல்லை. போன வாரம் வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாக வந்த அழகுமீனா டீச்சர், "ஒங்க சின்னவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சே, பேரச் சேத்துருவமா?" என்றார். அம்மா, "அவ வரட்டும் டீச்சர், கேட்டுச் சொல்றேன்" என்றாள். டீச்சர் குறித்துக்கொண்டு போனார். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் என்னிடம் வாங்கிக் குடித்தார்.

அம்மா சொன்னது உனக்குப் புரிகிறதா? 'அவ வரட்டும்.'

பாண்டி


சென்னை
27 ஆகஸ்ட் 2025

பாண்டி,

கேள்வி லத்தீனைப் பற்றியது அல்ல என்று முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ கேட்காததையும் சொல்கிறேன். பிணவறை வாசலில் போர்மேன் பிரபாகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு பட்டியல். "தம்பி, லிஸ்ட்ல இருக்கவகளுக்குத்தான் எல்லாம். லிஸ்ட்ல இல்லாத புள்ள உள்ள இல்ல. உள்ள இல்லாத புள்ள எப்படிச் சாகும்?" என்றார். தர்க்கம் படித்தவர்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். பிறகு குரலை இறக்கி, "அதுக்குப் பதினேழு வயசுங்கறீக. அக்கா டோக்கன்ல வந்துச்சுன்னு தெரிஞ்சா மொத கேசு கம்பெனி மேல, ரெண்டாவது கேசு அக்கா மேல. ஒரு புள்ளயப் பறிகுடுத்தீக. இன்னொன்ன ஜெயிலுக்கு அனுப்பப் போறீகளா?" என்றார்.

உள்ளே எழுத்தர், "நாப்பத்தேழு. பாண்டிச்செல்வி. சரிதான?" என்றார். பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. நான் 'சரி' என்று மட்டும் சொன்னேன். நான் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்கப்பட்டிருந்ததை வாங்கிக்கொண்டேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன். இப்போது மாற்றி எழுதிக் கொடுத்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன், நீ ஆள் மாறாட்டம் செய்தவள் ஆவாய். அரசு கொடுத்த நிவாரணப் பணம் திரும்பக் கேட்கப்படும். அம்மா அதில்தான் கூரை மாற்றினாள்.

அம்மா அப்படிச் சொன்னால் சொல்லிக்கொண்டு இருக்கட்டுமே. நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் என்ன கெட்டுவிட்டது? முகம் தெரியவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை. தெரியவில்லை.

பாலகுரு


ஆமத்தூர்
3 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

என்ன கெட்டுவிட்டது என்று கேட்டாய். சொல்கிறேன்.

அம்மா மூன்று முறை திருப்பூர் போய்வந்துவிட்டாள். அவள் கணக்கு இதுதான்: "நீ ஒன் டோக்கன அவகிட்டக் குடுத்த. அவ போற வழியில இன்னொருத்திகிட்டக் குடுத்திருக்க மாட்டாளா? திருப்பூர் போறேன், பனியன் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதான? ஏறிப் போயிருப்பா." டோக்கன் கைமாறுவது உண்மை. மாரி அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததும் உண்மை. அப்படி மூன்றாவதாக ஒருத்தி இருந்தால் அவள் வீட்டில் தேடமாட்டார்களா என்று கேட்டேன். "தேடாத வீடும் இருக்கும்ல" என்றாள். சில நாள் அதிகாலையில் நானும் அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே பல் விளக்குவேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்து என் படத்தைப் பார்த்ததும் தெளிந்துவிடும்.

போன மாதம் கோட்டைச்சாமி மாமா திருப்பூரிலிருந்து வந்தார். அவர் அங்கே லோடு வண்டி ஓட்டுகிறவர். "ஒரு ஹாஸ்டல் வாசல்ல மாரி சாடையில ஒரு புள்ளயப் பாத்தேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, நிஜமாகப் பார்த்தாரோ தெரியாது. அம்மா அன்றே கிளம்பிவிட்டாள். ஷிப்டு விடும் நேரம் கேட்டில் நின்று, மாரியின் ஒன்பதாம் வகுப்புப் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் வாட்ச்மேன் போலீசைக் கூப்பிட்டான். அங்கே அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஒங்க பொண்ணு இறந்ததா எந்தப் பதிவும் இல்லம்மா. இருக்கறதாத்தான் இருக்கு" என்றார்களாம்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம் சொன்னாள்: "கவருமெண்டே சொல்லிருச்சு. நீ மட்டும் ஏன்டி அவளச் சாகடிக்க நிக்க?"

அம்மா இன்றுவரை அழவில்லை. உடம்பை எரித்த அன்றும் அழவில்லை. சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போது பெண்கள் என் பெயரைச் சொல்லி மாரடித்தார்கள். நான் முற்றத்தில் நின்றிருந்தேன். "நீ இங்கன நிக்கையில ஒனக்கு எப்படி அழ?" என்றாள் அம்மா. மாரி பெயரைச் சொல்லி அழ, அவள் சாகவில்லையே. பதினான்கு மாதமாக இந்த வீட்டில் அழுகைக்கு ஆள் இருக்கிறது, பெயர் இல்லை.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் திருப்பூர் போகிறாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு. வழியில் விழுந்தால் யார் எடுப்பது?

கேசு வந்தால் வரட்டும். டோக்கன் கொடுத்தது நான்தான், அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். கூரையைப் பிரித்துக்கொண்டு போனாலும் போகட்டும். எனக்கு உன்னிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. முகம் தெரியவில்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டாய். நான் முகத்தைக் கேட்கவில்லை. நீ உள்ளே நாலைந்து நிமிஷம் இருந்தாய். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். யாரென்று தெரியாதவளுக்காக அப்படி நிற்க மாட்டாய்.

தெரிந்தால் தெரியும் என்று எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. லத்தீன் எழுதாதே.

பாண்டி


சென்னை
6 செப்டம்பர் 2025

பாண்டி,

தெரியும்.

வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். எழுத்தர் மேல்பக்கம் விலக்கப் போனார், வேண்டாம் என்றேன். கால் பக்கம் துணி ஒதுங்கியிருந்தது. மருந்து ரூமுக்குள் செருப்புப் போடாமல்தானே போவீர்கள். இடது கால் மட்டும் ஏனோ தீப்படாமல் இருந்தது. சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

அவளுக்கு ஆறு வயதில் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து ஆமத்தூர் கண்மாய்க் கரையில் ஓட்டிக்கொண்டு போனேன். கால் ஆரக்கம்பியில் மாட்டியது. நகம் பிய்ந்து, முளைக்கும்போது இரண்டாக முளைத்தது. அம்மாவிடம் சொல்லாதே என்று அவளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அவள் சொல்லவில்லை. கல் தடுக்கியது என்றுதான் கடைசிவரை சொன்னாள். அதனால் அந்த நகத்தை என்னைப் போல் யாருக்கும் தெரியாது.

பார்த்ததும் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் 'சரி' என்றேன். பிரபாகரன் சொன்னதெல்லாம் உண்மை, உன்னை நினைத்துப் பயந்ததும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது வேறு. 'பாண்டிச்செல்வி' என்று சொல்லிவிட்டால், வெளியே வந்து உன்னைப் பார்க்கும்போது அது பொய்யாகிவிடும். மாரி என்று சொன்னால் அது பொய்யாக வழியே இல்லை. இரண்டில் பொய்யைக் கொடுத்தேன். படித்தவன் செய்கிற காரியம்.

அம்மாவிடம் சொல்லும் தைரியம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நீ இதைப் படித்துக் காட்டு. புதன்கிழமைக்கு முன்னால்.

வாக்குமூலத்தை எந்தத் தேதியில் எங்கே வந்து கொடுக்க வேண்டும் என்று எழுது. வருகிறேன்.

பாலகுரு


ஆமத்தூர்
13 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா மறுநாள் பயணத்துக்குப் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் படித்தேன். கடலைமிட்டாய் வரைக்கும் படித்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மீதியை வாயால் சொன்னேன்.

"அன்னைக்கே அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"கல்லு தடுக்குச்சுன்னுல சொன்னா, களவாணி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டு இருளம்மா மதினி ஓடிவந்துவிட்டாள். "ஏ அத்த, என்ன, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அம்மா, "எம்மாரி போயிட்டா தாயி" என்றாள். போன வருஷம் போனவளுக்கு இப்போது சொல்லி அழுகிறாளே என்று மதினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டாள். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். முதல் முறையாக மாரி பெயரைச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன். எனக்காக எல்லோரும் ஏற்கெனவே அழுதுவிட்டதால் என்னை யாரும் தடுக்கவில்லை.

புதன்கிழமை அம்மா திருப்பூர் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து குளித்துவிட்டு, "வா, போய் எழுதிக் குடுத்துட்டு வருவம்" என்றாள். உனக்கு ஒன்று சொல்லவில்லை: வெடித்த நாளிலிருந்து இந்த வீடு பூட்டப்படவே இல்லை. கல்யாணத்துக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், திருப்பூர் போனாலும் நான் ஒருத்தி வாசலில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சும்மா சாத்திவிட்டுத்தான் போவோம். வந்து பார்ப்பவள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடக் கூடாது என்பது அம்மாவின் பயம். பூட்டு எங்கே என்று தேடவே அரை மணி நேரம் ஆயிற்று. துரு ஏறியிருந்தது. அம்மா எண்ணெய் விட்டு, தானே பூட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

விருதுநகரில் மனுவை வாங்கிய பெண் அதிகாரி இரண்டு முறை படித்தார். "ஒருத்தவக இருக்காகன்னு மனு வரும், இல்லைன்னு மனு வரும். ரெண்டும் ஒரே தாள்ல இப்பத்தான் பாக்கேன்" என்றார். விசாரணை உண்டு, என்னையும் கேட்பார்கள், உன்னையும் கேட்பார்கள், எதுவும் லேசாக இருக்காது என்றார். மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. இருபத்தி நாலாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீ நேரில் வர வேண்டும்.

முதல் நாளே வீட்டுக்கு வந்துவிடு. வாசலை மிதிக்காதே என்று சொன்னது நான்தான். மிதி. நாங்கள் வெளியே போயிருந்தால் சாவி இருளம்மா மதினியிடம் இருக்கும்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. உன்னிடம் ஒன்றுதான் கேட்கச் சொன்னாள். "காலு பக்கம் துணி ஒதுங்கிக் கெடந்துச்சுன்னானே, மூடிவிட்டுட்டு வந்தானா?"

அதற்குப் பதிலைத் தபாலில் எழுதாதே. வந்து அவளிடம் சொல்.

பாண்டி